கேள்வி-பதில்: 11 இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன்

கேள்வி: ரெண்டாம் உலகப்போர் டைம்ல அமெரிக்க பேஸ்பால்ல சீசன் ஓப்பனிங்லயே ஒரு மேட்ச் 11 இன்னிங்ஸ் போயி 1-0ன்னு முடிஞ்சுதாமே? நல்லா அடிக்கிறவங்க எல்லாம் பட்டாளத்துக்கு போயிட்டதாலதான் ரன்னே வரலைன்னு என் ஃபிரெண்டு அடிச்சு சொல்றான். நிஜமா சார்?
– வாசகர், ஈரோடு

பதில்: மேட்ச் நிஜம்தான். 1943 ஏப்ரல் 21, சின்சினாட்டி க்ராஸ்லி ஃபீல்டு, உள்ளூர் ரெட்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும். பேஸ்பால்ல 9 இன்னிங்ஸ்தான் கணக்கு, அதுக்குள்ள முடிவு தெரியலைன்னா தெரியுற வரைக்கும் ஆடணும், இவங்க 11 வரைக்கும் இழுத்து கடைசில ரெட்ஸ் ஜெயிச்சாங்க. ரெட்ஸ் பிட்சர் (பந்து போடுறவர்) ஜானி வான்டர் மீர், 1938ல அடுத்தடுத்து ரெண்டு மேட்ச்ல எதிர் டீமுக்கு ஒரு ஹிட் (பந்தை அடிச்சு பேஸுக்குப் போய் சேர்றது) கூட குடுக்காதவரு, அமெரிக்காவோட உச்ச மட்ட மேஜர் லீக்ல அதை இன்னிக்கு வரைக்கும் வேற யாரும் செய்யலை. அன்னிக்கு 11 இன்னிங்ஸும் அவரே போட்டாரு. எதிர்ல நின்னதும் சும்மா டீம் இல்ல, முந்தின வருஷ சாம்பியன், அடிக்கிறதுல பேர்போன ஸ்டான் மியூசியல் ஆடுற டீம்.

ஃபிரெண்டு சொல்றது பாதிதான் சரி. கார்டினல்ஸ்ல ஸ்லாட்டர், டெர்ரி மூர் மாதிரி அடிக்கிறவங்க எல்லாம் பட்டாளத்துக்கு போனது உண்மை, ஆனா 1942 வேர்ல்டு சீரிஸ்ல (சாம்பியன் யாருன்னு முடிவாகுற கடைசித் தொடர்) ரெண்டு மேட்ச் ஜெயிச்சு குடுத்த பிட்சர் பீஸ்லியும்தானே போனாரு? அடிக்கிறவங்க, போடுறவங்கன்னு நஷ்டம் ரெண்டு பக்கமும் இருக்கு. வில்லன் பந்துதான்!

பேஸ்பால் பந்துக்கு நடுவுல ஒரு கார்க், அதைச் சுத்தி ரப்பர், அதுக்கு மேல கம்பளி நூல், வெளில அந்தக் காலத்துல குதிரைத்தோல். 1942ல மலாயாவை ஜப்பான் புடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து படுத்துடுச்சு (அந்த மலாயா தோட்டங்கள்ல பால் வெட்டுனவங்கள்ல பெரும்பாலும் நம்ம ஊர்லேர்ந்து போன ஜனங்க, அவங்க அப்ப பட்ட பாடு தனிக்கதை). இருக்குற ரப்பரை எல்லாம் ராணுவம் எடுத்துக்க, பந்து செய்யிற ஸ்பால்டிங் கம்பெனி பலாட்டான்னு ஒரு மரப்பாலை உள்ள வெச்சுது, அப்பல்லாம் கோல்ஃப் பந்துக்கு மேல போட்ட அதே சமாச்சாரம்தான். பத்தாததுக்கு பழைய ரப்பர்லேர்ந்து செஞ்ச மட்டமான பசை வேற. விளைவு, தண்ணில ஊறுன டென்னிஸ் பந்தை அடிச்ச மாதிரி தொம்முனு விழுந்துச்சு.

ரெட்ஸ் ஜெனரல் மேனேஜர் வாரன் கைல்ஸ் கடுப்பாகி, க்ராஸ்லி ஃபீல்டு கூரைலேர்ந்து 1942 பந்தையும் புது பந்தையும் கீழ போட்டு பார்த்தாரு. பழசு 13 அடி எகிறுச்சு, புதுசு ஒன்பதரை அடிதான். லேப் எல்லாம் வேணாம், இது போதாதா? சீசன்ல முதல் 29 மேட்ச்ல 11ல ஏதாவது ஒரு டீம் ரன்னே எடுக்காம போச்சுன்னா பார்த்துக்குங்க.

அதுக்காக வான்டர் மீரை குறைச்சு சொல்ல மாட்டேன், பந்து செத்ததுன்னாலும் 11 இன்னிங்ஸ் கை வலிக்க போட்டது அவருதான்.

கேள்வி: அப்போ அந்த சீசன் பூரா அப்படியேவா ஓடுச்சு?
– அதே வாசகர்

பதில்: இல்லீங்க. மிச்சம் கிடந்த 1942 பந்தை வெச்சு கொஞ்ச நாள் சமாளிச்சாங்க, மே மாசம் பசையை மாத்துன புது பந்து வந்துடுச்சு. அப்புறம் அதே கார்டினல்ஸ் 105 மேட்ச் ஜெயிச்சு லீக்ல முதலிடம், ரெட்ஸ் 18 மேட்ச் பின்னாடி ரெண்டாவது. மியூசியல் பேட்டிங் ஆவரேஜ் .357, அதாவது ஆயிரத்துக்கு 357 ஹிட் கணக்கு. ஆளுங்க பட்டாளத்துக்கு போனதுதான் காரணம்னா இது எப்படி நடந்துச்சுன்னு உங்க ஃபிரெண்டையே கேளுங்க.