ராத்திரி அடுக்களையில் தின்பது நோயா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் ராத்திரியில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதைப் பற்றியவை. எல்லாவற்றையும் வாசித்தபின் எனக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

வயது 34, பள்ளி ஆசிரியை. கணவர் சவுதியில் இருக்கிறார். எடையைக் குறைக்க காலையில் கட்டன் சாயா மட்டும், மத்தியானம் ஒரு ஆப்பிள். பிள்ளைகள் தூங்கியபிறகு அடுக்களையில் லைட் போடாமல் நின்றபடியே மிச்சச் சோறு, மீன்குழம்பு, அரைப் பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ், கடைசியில் ஹார்லிக்ஸ் பொடியை ஸ்பூனால் அள்ளி வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். வாரத்தில் மூன்று நாலு நாள், ஆறு மாதமாக. வாந்தி எடுப்பதில்லை. மாமியார் 'தின்னிப்பண்டாரம்' என்கிறார். இது நோயா, என் கொதியா (தின்னும் ஆசையா)? - தக்கலை

கொதி உள்ளவர் லைட் போட்டு உட்கார்ந்து ரசித்துத் தின்பார். நீங்கள் இருட்டில் நின்று, ருசிகூடத் தெரியாமல் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்ற நோயோடு நன்றாகவே பொருந்துகிறது. நேரில் பேசாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் பார்க்கும் அடையாளங்கள் இவைதான்: இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் அதே நேரத்தில் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாதது. பசி இல்லாமலே தின்பது, வேகவேகமாக விழுங்குவது, வயிறு முட்டி வலிப்பது, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பது, பிறகு தன்மேலேயே அருவருப்புக் கொள்வது என்ற ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் நீடிக்க வேண்டும். வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது போன்றவை தொடர்ந்து இருந்தால் அது வேறு நோய். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் இந்த மாதிரிச் சாப்பாட்டை 1959-லேயே எழுதிவைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது 2013-ல்தான். அதனால் உங்கள் மாமியாருக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

இப்போது கட்டன் சாயாவுக்கு வருவோம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு, ராத்திரி காவல் தளர்ந்ததும் பாக்கியை வட்டியோடு கேட்கும். அதோடு நாள் முழுவதும் பிள்ளைகளின் சத்தம், ராத்திரியானால் தனிமை. தின்றபிறகு குற்ற உணர்ச்சி வரும். 'நாளைக்குப் பட்டினி' என்று சபதம் எடுப்பீர்கள். அந்தச் சபதம்தான் மறுநாள் ராத்திரியின் ஆரம்பம்.

ஆகவே சிகிச்சையின் முதல் படி சாப்பாட்டைக் குறைப்பது அல்ல, சாப்பிடுவது. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி. விழித்திருக்கும்போது மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. காலையில் புட்டும் பயறும். பள்ளி இடைவேளையில் இரண்டு மட்டிப்பழம். மத்தியானம் சோறு, மீன், கீரைத் துவரன். சாயங்காலம் சாயாவோடு சுண்டல். ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தோசை. இதைச் சொன்னதும் எல்லோரும் 'அய்யோ, இன்னும் குண்டாவேனே' என்றுதான் கேட்பார்கள். பொதுவாக அப்படி ஆவதில்லை. ராத்திரி உள்ளே போவது குறைந்துவிடுகிறது அல்லவா? எடை பார்ப்பதை வாரம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு சின்ன நோட்டு. மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே, யாரோடு, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது. சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும், மறுநாள் நினைத்துப் பார்த்து அல்ல. கலோரிக் கணக்கு வேண்டாம். சில நாளில் உங்களுக்கே ஒரு ஒழுங்கு தெரியும். கணவரோடு போன் பேசி வைத்தபிறகா, மாமியார் ஏதாவது சொன்ன நாளிலா என்று பாருங்கள். ஆவல் கிளம்பும்போது அடுக்களையை விட்டு வெளியே வந்து யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள், துணி மடியுங்கள். அது ஏறும், நின்று பார்த்தால் இறங்கவும் செய்யும். தோற்றுப்போன ராத்திரிக்கு மறுநாளும் காலைப் புட்டு உண்டு, அதில் விலக்கு கிடையாது.

கல்யாண வீட்டில் இரண்டு தடவை சோறு, மூன்று பாயாசம் சாப்பிட்டேன். மறுநாள் வரை மூச்சு முட்டியது. எனக்கும் இந்த நோயா? - இரணியல்

இல்லை. அடப்பிரதமனில் பப்படமும் பழமும் பிசைந்து தின்றதற்கு நோய்ப்பெயர் வைக்க மாட்டோம். சாயங்காலம் கொஞ்சம் நடந்திருக்கலாம்.

வயது 29. விசைப்படகில் தங்கல் தொழில், அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிப்பது. கரைக்கு வந்தால் எட்டு பரோட்டா தின்பேன், நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஆம்பளைக்கும் இது வருமா? - குளச்சல்

வரும். மேலை நாட்டு ஆய்வுகளில் இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆண்கள். நம் ஊரில் ஆண் அதிகமாகத் தின்றால் 'நல்ல சாப்பாட்டுக்காரன்' என்று பாராட்டிவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் எட்டு பரோட்டாவை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வலை இழுத்துவிட்டு வந்த உடம்பு எட்டும் கேட்கும். நண்பர்களோடு தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காமல் இன்னொரு பார்சலைப் பிரிக்கிறீர்களா? ஐந்தாவதில் நிறுத்த நினைத்து முடியாமல் போகிறதா? அதை நினைத்து வெட்கப்படுகிறீர்களா? ஆம் என்றால் வாருங்கள். குடி உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடித்த ராத்திரியில் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கட்டிலுக்கு அடியில் சிப்ஸ், கேக் கவர்கள் குவியலாகக் கிடந்தன. கேட்டால் அழுகிறாள். அலமாரியைப் பூட்டி வைக்கலாமா? - மார்த்தாண்டம்

பூட்ட வேண்டாம். பூட்டினால் ஒளித்து வைக்கும் இடம்தான் மாறும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுகிறாளா? கன்னத்தின் இரு பக்கமும் வீங்கியிருக்கிறதா, விரல் முட்டிகளில் தழும்பு உண்டா? அது வாந்தி எடுப்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியென்றால் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும், பல் எனாமலும் அரிக்கும்.

அது இல்லையென்றால் அவளிடம் கவர்களைப் பற்றிப் பேசாதீர்கள், அவளைப் பற்றிப் பேசுங்கள். 'மக்களே, கொஞ்ச நாளா நீ சங்கடத்துல இருக்கிற மாதிரி இருக்கு, எங்கிட்ட சொல்லு, நான் ஏச மாட்டேன்' என்று ஆரம்பிக்கலாம். பிறகு உண்மையிலேயே ஏசக் கூடாது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் 'நல்லா தடிச்சிட்டியே' என்று சொன்னால், அவர்கள் வாயை அடைப்பது உங்கள் வேலை. பத்தாம் வகுப்புக்கு டியூஷன், டெஸ்ட் என்று காலை ஐந்து மணிக்கு எழுப்பி, சாப்பிடாமல் வேனில் ஏற்றிவிடும் வீடுகள் இங்கே அநேகம். உங்கள் வீடும் அதில் ஒன்றென்றால் அங்கிருந்தே திருத்தம் ஆரம்பிக்கட்டும்.

சர்க்கரை நோய்க்கு 12 வருடமாக மாத்திரை. நடுராத்திரி திடீரென்று எழுந்து கிடைத்ததையெல்லாம் தின்கிறேன். - நாகர்கோவில், வயது 52

இதில் மனசைத் தேடும் முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, அடங்காப் பசி எல்லாம் வரும். எழுந்ததும் ஒரு தடவை குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறுநாளே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதிகம் தின்றுவிட்டோமே என்று நீங்களாகவே ஒரு மாத்திரை கூட்டிப் போடுவது ஆபத்து. சர்க்கரை சரியாக இருந்தும் இப்படி நடந்தால் அப்புறம் என்னிடம் வாருங்கள்.

யூடியூபில் 16 மணி நேர விரதம் நல்லது என்கிறார்களே? - கருங்கல்

மற்றவர்களுக்கு எப்படியோ, கட்டுப்பாடில்லாமல் தின்னும் பழக்கம் உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன். தவக்கால ஒருசந்தியோ ரமலான் நோன்போ இருக்க விரும்புகிறவர்கள் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் ஃபாதரிடமோ இமாமிடமோ முன்பே பேசிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு இரண்டிலும் விலக்கு உண்டு.

இதற்கு மாத்திரை உண்டா? எடை குறைக்கும் ஊசி போட்டால் தீருமா? - குலசேகரம்

மாத்திரை உண்டு, ஆனால் மாத்திரை மட்டும் போதாது. பேச்சு வழிச் சிகிச்சைதான் இதற்கு முதுகெலும்பு. காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்ற முறையில் வாரம் ஒன்றாக 16 முதல் 20 அமர்வுகள் போகும். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிக் கட்டுப்பாடில்லாமல் தின்பது நின்றே விடுகிறது, இன்னும் பலருக்குக் குறைகிறது. எடை பெரிதாக இறங்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. எடையை இலக்காக வைத்தால் மறுபடியும் பட்டினிக்குத்தான் போவீர்கள்.

லிஸ்டெக்ஸாம்பெட்டமைன் என்ற மருந்துக்கு 2015-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், அடிமையாகவும் வாய்ப்புண்டு. டோப்பிரமேட்டும் ஆவலைக் குறைக்கும். ஆனால் மறதி, சிறுநீரகக் கல் வரலாம், கர்ப்பத்தில் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கும். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் ஃப்ளுவாக்ஸெட்டின் வகை மருந்துகள் தருவோம். எடை குறைக்கும் ஊசிகள் பசியைக் குறைப்பது உண்மைதான், ஆனால் இந்த நோய்க்கென்று அவற்றுக்கு அனுமதி இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இதில் எதுவும் இல்லை.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் வாசலில் நின்றால் ஊர் பேசுமே? - ஆரல்வாய்மொழி

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. காலை ஓ.பி.க்குப் போனால் சீட்டு எடுக்கும் கூட்டத்தில் யார் எந்த டாக்டருக்குப் போகிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. அதற்கும் தயக்கமென்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த எண்ணையே கூப்பிடுங்கள்.

முதல் தடவை வரும்போது நோட்டில் ஒரு வாரம் எழுதிக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்து வாருங்கள். தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்தச் சீட்டும் போதும், திரும்பக் காசு செலவழிக்க வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.