ஓனர் வெளியூர்ல, வாட்ச்மேன் கையில காசில்ல: மாணவர் வீடுகள் கேள்வி-பதில்

கல்லூரி திறந்ததும் பீளமேடு, சரவணம்பட்டி, ஈச்சனாரி, பெருந்துறை, திருச்செங்கோடு பக்கமெல்லாம் 'டூ லெட்' பலகையைக் கழற்றிவிடுவார்கள். இரண்டு மாதம் போனால் எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். அபார்ட்மென்ட் பராமரிப்பு வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். படிக்க வந்த பிள்ளைகள் குடத்தோடு படியேறுவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பொறுக்காது. இந்த முறை வந்தவற்றில் எட்டுக்குப் பதில் சொல்கிறேன்.

வணக்கமுங்ணா. டபுள் பெட்ரூம் வீட்டுல ஆறு பேரு இருக்கோம். பாத்ரூம் குழாய் ஒழுகுது, சிங்க் அடைச்சுக் கெடக்குது, மாடிப்படி லைட்டு எரியறதில்ல. வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொன்னா 'சொல்லியிருக்கேன் தம்பி, நாளைக்கு வந்துருவாங்க'ங்கறாரு. ரெண்டு மாசமாச்சு. யாரைத்தானுங்ணா கேக்கறது?
(மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் மாணவர், சரவணம்பட்டி)

தம்பி, அந்த வாட்ச்மேன் மேல் கோபப்படாதீர்கள். அவர் சொல்லத்தான் முடியும், செலவு பண்ண முடியாது. பல வருஷத்துக்கு முன்னால் கணபதி பக்கம் ஒரு கட்டடத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது மோட்டார் கெப்பாசிட்டர் போய்விட்டது. சில நூறு ரூபாய்ச் சாமான். ஓனர் வெளிநாட்டில். அவரைப் பிடித்து, அவர் தம்பியிடம் சொல்லி, தம்பி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நாற்பது பேர் கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். என் சொந்தக் காசைப் போட்டு அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது. அதிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் நான் கேட்பது இதுதான்: யாரையும் கேட்காமல் ஐநூறு ரூபாய் செலவு பண்ண இங்கே யாருக்கு அதிகாரம்? யாருக்கும் இல்லை என்றால் அங்கே எதுவும் நேரத்துக்கு நடக்காது. உங்கள் ஓனரிடம் பேசும்போது, வாட்ச்மேன் கையில் மூவாயிரம் ரூபாய் கைச்செலவும் ஒரு பில் நோட்டும் கொடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, எது யார் வேலை என்பது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங், சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சிங்க் அடைப்பு, சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு உங்கள் வேலை. ஆறு பேர் பங்கு போட்டால் ஒரு டீச் செலவுக்குள் வாஷர் மாற்றிவிடலாம், இன்றைக்கே மாற்றுங்கள். மாடிப்படி விளக்கு மட்டும் ஓனருடையது, அதை விடாதீர்கள்.

அதற்கு வாயால் சொன்னது போதாது. ஆறு பேரில் ஒருவர் மட்டும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "வணக்கமுங்க. இரண்டாவது மாடி, எஃப்-3. ஆகஸ்ட் 4-ந்தேதியிலிருந்து மாடிப்படி விளக்கு இரண்டும் எரியவில்லை. போட்டோ அனுப்பியிருக்கிறேன். இந்த வாரத்துக்குள் மாற்றித் தரவும்." தேதி, இடம், போட்டோ, கெடு நான்கும் அதில் இருக்கட்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை எழுதிக் கேட்டும் அவர் செய்யாவிட்டால், நீங்களே செய்து பில்லோடு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

எங்க பையன் தங்கியிருந்த வீட்டைக் காலி பண்ணியாச்சுங்க. அட்வான்ஸ் எண்பதாயிரம். பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை, 'சுத்தம் பண்ண' இன்னொரு ஐயாயிரம்னு பிடிச்சுட்டு மீதியையும் மூணு மாசமா இழுத்தடிக்கறாங்க. கொங்கு நாட்டுல இது வழக்கம்ங்கறாங்களே?
(ஒரு தந்தை, தாராபுரம்)

வழக்கம்தான், ஆனால் வழக்கமெல்லாம் சட்டமாகிவிடாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

பெயின்டிங் விஷயத்தில் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை வண்ணம் பூசப் பிடித்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். எழுதவில்லை என்றால், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை பட்டதும், காலண்டர் ஆணி ஓட்டையும் புழங்கிய வீட்டில் இருக்கத்தான் செய்யும். சுவரில் கிரிக்கெட் ஸ்டம்பு வரைந்து வைத்திருந்தால் அது வேறு, அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிடித்தத்துக்குக் கணக்கு எழுதித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரை இந்தச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரியாக நியமித்திருக்கிறார்கள், அவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அங்கே பதிவும் ஆகியிருந்தால்தான் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும்.

இந்த வருஷம் குடியேறுபவர்களுக்கு: சாவி வாங்கிய அன்றைக்கே, பெட்டியை இறக்குவதற்கு முன்னால், வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. நான் பார்த்த அட்வான்ஸ் தகராறுகளில் பாதி இந்த ஒரு வீடியோ இருந்திருந்தால் வந்தே இருக்காது.

குளிக்கும்போது ஷவர் குழாயைத் தொட்டா சுர்ருங்குது. ரூம்மேட்டுக, 'செருப்புப் போட்டுட்டுக் குளி, ஒண்ணும் ஆகாது'ங்கறாங்க. ஓனர் ஆன்ட்டி அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்னாங்க.
(நர்சிங் மாணவி, திருச்செங்கோடு)

அம்மிணி, இதைப் படித்த உடனே போய் கீசர் எம்சிபியை (போர்டில் கீசருக்கென்று இருக்கும் பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இன்றைக்குச் 'சுர்' என்பது நாளைக்கு உயிரை எடுக்கும். ஈர உடம்பு, ஈரத் தரை, கையில் இரும்புக் குழாய் மூன்றும் சேர்ந்த இடத்தில் செருப்பை நம்பக் கூடாது.

பெரும்பாலும் இரண்டு கோளாறு சேர்ந்துதான் இப்படி ஆகும். உப்புத் தண்ணீர் அரித்து கீசர் காயிலின் மேல் உறை வெடித்திருக்கும். அதோடு எர்த்தும் வேலை செய்யாது. எர்த் சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நம் பக்கம் வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தண்ணீர் ஊற்ற யாரும் ஞாபகம் வைப்பதில்லை. சில வீடுகளில் பிளக்கில் மூன்று முள் இருக்கும், பின்னால் எர்த்துக்கான பச்சை வயரே இருக்காது.

எலக்ட்ரீஷியன் வந்தால் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: கீசர் காயில், பாயின்டில் எர்த், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பது. கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும் பெட்டி அது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். கீசர் ரிப்பேர் உங்கள் பங்கில் வரலாம், ஆனால் வயரிங்கும் எர்த்தும் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. அதுவரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள். வாளியில் போடும் ஹீட்டர் ராடு வேண்டவே வேண்டாம்.

ராத்திரி நெறஞ்சிருக்கற டேங்க் காலைல ஏழு மணிக்கெல்லாம் காலி. தண்ணியும் ஒரே உப்பு, முடி கொட்டுது. லாரித் தண்ணிக்குத் தனியா காசு கேக்கறாங்க.
(நான்கு மாணவர்கள், குனியமுத்தூர்)

இரண்டு கேள்வி இதில் இருக்கிறது. முதலில் அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நகரங்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 48 பேர், ஏறக்குறைய 6,500 லிட்டர். அதையே வீட்டுக்கு ஏழு பேராக்கினால் பதினோராயிரத்தைத் தாண்டும். குடும்பங்களுக்கென்று வைத்த டேங்க்கும் மோட்டாரும் அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கு ஆள் சேர்த்து வாடகையும் சேர்த்து வாங்குகிறவர் டேங்க்கையும் சேர்த்துப் போட வேண்டும். இதை அவரிடம் மரியாதையாக, எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

ஆனால் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் தண்ணீர் இறங்குகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. படுக்கப் போகும்முன் ஒவ்வொரு வீட்டிலும் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்கில் நாலைந்து துளி சொட்டு நீலம் விடுங்கள், ஃப்ளஷ் பண்ணாதீர்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். கீழே கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும். ஒரு கட்டடத்தில் பதினாறு டாய்லெட்டில் ஐந்தில் நீலம் இறங்கியதை நானே பார்த்தேன். ஐந்து வாஷர் மாற்றினோம், லாரி நின்றது.

உப்புக்கு வருவோம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஆழ்துளைத் தண்ணீர் வாயிலேயே வைக்க முடியாது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். அந்தத் தாளோடு போய்ப் பேசினால் ஓனருடன் பேச்சு வேறு மாதிரி இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் கார்ப்பரேஷன் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். ஷவரில் வெள்ளைப் பொருக்கு அடைத்தால் கழற்றி ராத்திரி வினிகரில் ஊறப் போடுங்கள், காலையில் தேய்த்தால் வந்துவிடும்.

டேங்க் மூடியையும் பாருங்கள். மூடி உடைந்த டேங்க் டெங்குக் கொசுவுக்கு வீடு. சுத்தமான தண்ணீரில்தான் அது முட்டையிடும்.

ஹாஸ்டல் ஃபீஸோட ஜிஎஸ்டின்னு தனியா வாங்கறாங்க. சரிதானுங்களா?
(பி.காம். மாணவர், காளப்பட்டி)

ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால் 2024 ஜூலையிலிருந்து அந்தத் தங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில் கேளுங்கள். பில் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. வாடகைச் சட்டத்தை நம்பி நிற்க முடியாத, ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களுக்கு இதுதான் வழி.

ஈபி பில்லுன்னு யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்கறாங்க. கேட்டா ஃப்யூஸைப் புடுங்கிருவேங்கறாரு.
(திண்டல், ஈரோடு)

ஃப்யூஸைப் பிடுங்குவது சட்டத்துக்கு விரோதம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை எந்தத் தகராறுக்காகவும் நிறுத்தக் கூடாது என்று அதே வாடகைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நிறுத்தினால் அன்றைக்கே வாடகை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள்.

பில் கணக்குக்கு, மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மின்வாரிய இணையதளத்தில் நிஜமான தொகையைப் பார்க்கலாம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விகிதம் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். இரண்டு மூன்று வீட்டை ஒரே மீட்டரில் சேர்த்திருந்தால் சீக்கிரமே மேல் விகிதத்துக்குப் போய்விடும், அந்தச் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.

நானும் ஒரு ஓனர்தானுங்க. பொண்ணுகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். செப்டிக் டேங்க் ஆறு மாசத்துக்கொருக்கா ரொம்பீருது. எதையெதையோ போடறாங்க. நானென்ன பண்ணட்டும்?
(குமாரபாளையம்)

நீங்கள் எழுதியதற்கு நன்றிங்க, ஓனர்கள் எழுதுவது அபூர்வம். பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: ஒவ்வொரு பாத்ரூமிலும் மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கிறதா? தினமும் எடுத்துப் போக ஆள் இருக்கிறதா? இது இரண்டும் இல்லாத வீட்டில் நாப்கின் எங்கே போகும்? கூச்சத்தில்தான் டாய்லெட்டில் போடுகிறார்கள். கூடையும் பழைய செய்தித்தாளும் வைத்துப் பாருங்கள். அதே சமயம் ஆசிட்டும் பினாயிலும் அதிகம் ஊற்ற விடாதீர்கள், உள்ளே மக்க வைக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும், டேங்க் இன்னும் சீக்கிரம் நிறையும்.

ஒரு விஷயத்தைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். லாரி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். அடியில் கசடு கெட்டியாகிவிட்டது என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. மூடி திறந்த குழிக்குள் விஷவாயு இருக்கும், இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

ஓனர் அங்கிள் அவரோட சாவியில திறந்துட்டு நேரா உள்ள வந்துடறாரு. கேட்டா 'என் வீடுதானே'ங்கறாரு.
(மூன்று மாணவிகள், பீளமேடு)

வீடு அவருடையது, குடியிருப்பது நீங்கள். வாடகைச் சட்டப்படி 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், அதுவும் பழுது பார்க்க, சோதிக்க என்று தகுந்த காரணம் இருந்தால் மட்டும். இதைக் குறிப்பிட்டு மூவரும் சேர்ந்து ஒரு மெசேஜ் போடுங்கள், வீட்டிலும் அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அதன் பிறகும் வந்தால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இன்றைக்குக் கதவின் உள்பக்கம் நல்ல டவர் போல்ட் ஒன்று வாங்கி மாட்டுங்கள், மர ஸ்க்ரூ ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல்.