சிபாப் கருவியோடு தூக்க மாத்திரையும் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. உறக்கப் பரிசோதனையில் கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்று தெரியவந்தது. மணிக்குச் சராசரியாக 38 முறை மூச்சு தடைபடுகிறதாம். இரண்டு மாதங்களாக, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி பயன்படுத்துகிறேன். மாஸ்க்கை மாட்டிப் படுத்தாலே தூக்கம் ஓடிவிடுகிறது. முன்பு மனப்பதற்றத்துக்காக எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை இப்போது தினமும் இரவு பத்தரை மணிக்குப் போடுகிறேன். போட்டால் உடனே தூங்கிவிடுகிறேன். ஆனால் காலையில் பார்த்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. கருவி இருக்கும்போது மாத்திரையால் ஆபத்தில்லை என்கிறார் நண்பர். சரியா?

பதில்: மாஸ்க் உங்கள் முகத்தில் இருக்கும் நேரத்துக்கு உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் பொருந்தும். அது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் நேரத்துக்குப் பொருந்தாது. நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்த வரியும் அதுதான்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு அந்தத் தளர்ச்சியிலேயே மூச்சுப்பாதை ஒட்டி மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது, மூளை அதை உணர்ந்து ஒரு கணம் விழிக்கவைக்கிறது. தசைகள் விறைத்துக்கொள்ள, பாதை திறக்கிறது. பெரும்பாலும் உங்களுக்கு நினைவிலேயே இராத இந்தச் சிறு விழிப்புதான் ஒவ்வொரு மூச்சுத்தடையையும் முடித்துவைக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம், குளோனசெபாம், லோரசெபாம் ஆகியவை அடங்கிய பென்சோடயசெபின் குடும்பம் இரண்டு பக்கமும் கைவைக்கிறது. தசையை இன்னும் தளர்த்துகிறது, விழிப்பையும் தாமதப்படுத்துகிறது. அதனால் மூச்சு நிற்கும் நேரம் நீளலாம், ஆக்சிஜன் இன்னும் கீழே போகலாம்.

சிபாப் கருவி காற்றழுத்தத்தால் அந்தப் பாதையை மூடவிடாமல் பிடித்துவைக்கிறது. அழுத்தம் சரியாக அமைந்து, மாஸ்க்கும் இரவு முழுக்க இருந்தால், மாத்திரை தரும் கூடுதல் தளர்ச்சியையும் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆகவே மாத்திரையும் கருவியும் சேரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை எத்தனை மணி நேரம் உடலில் வேலை செய்கிறது, அதில் எத்தனை மணி நேரம் மாஸ்க் இருக்கிறது என்ற கணக்கைத்தான் பார்ப்பேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அல்பிரசோலத்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக 11 மணி நேரம் ஆகும். பத்தரைக்குப் போட்டு இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றியிருந்தால், மருந்தின் பெரும்பகுதி அப்போதும் உள்ளே இருக்கிறது. போதாக்குறைக்கு, கனவுகள் மிகுந்த உறக்க நிலை இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் வரும். அந்த நிலையில் தசைகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தளர்ந்துவிடும். பலருக்கு மூச்சுத்தடை மிக மோசமாவது அப்போதுதான். காவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவியும் இல்லை, எழுப்பிவிடும் அனிச்சையும் மந்தமாக இருக்கிறது. முதல் மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கினோம் என்ற திருப்தி இதை ஈடுகட்டாது.

மாஸ்க்கை எப்போது கழற்றினீர்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகள் அதைப் பதிவு செய்துவைக்கின்றன. அதில் மூன்று விவரங்களைப் பாருங்கள். ஒன்று, ஓர் இரவில் மாஸ்க் எத்தனை மணி நேரம் இருந்தது. இரண்டாவது, கருவியோடும் மிஞ்சியிருக்கும் மூச்சுத்தடை மணிக்கு எத்தனை. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. மூன்றாவது, காற்றுக் கசிவு. கசிவுக் கோடு நள்ளிரவு தாண்டியதும் மெல்ல ஏறி, ஏறிய சற்று நேரத்தில் பதிவே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வாய் திறந்து, காற்று வெளியேறி, தொண்டை காய்ந்து, கை தானாக மாஸ்க்கைப் பிடுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மாத்திரை மருந்தல்ல. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க், ஈரப்பதமூட்டியின் அளவைக் கூட்டுவது, மூக்கடைப்புக்குச் சிகிச்சை என்று தீர்வு வேறு பக்கம் இருக்கிறது. கசிவே இல்லாமல் பதிவு சட்டென்று நின்றிருந்தால் அழுத்தம் அதிகமா, பட்டை இறுக்கமா, மூச்சுமுட்டும் பயமா என்று தேட வேண்டும்.

மாஸ்க்கைக் கண்டாலே வரும் அந்தப் பதற்றத்துக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. தூங்கப் போகும் நேரத்தில் அல்ல, மாலையில் செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் மூச்சு விடுங்கள். அது பழகியதும் பட்டையை மாட்டுங்கள். பிறகு கருவியை இயக்கி, செய்தித்தாள் படித்தபடியோ தொலைக்காட்சி பார்த்தபடியோ அரை மணி, ஒரு மணி என்று நேரத்தைக் கூட்டுங்கள். தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத அந்த நேரத்தில்தான் மூளை மாஸ்க்கை ஏற்றுக்கொள்ளும். படுக்கைக்குப் போனதும் அழுத்தம் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் ‘ராம்ப்’ வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்க் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தூக்கம் வராத தொல்லை இருந்ததா? இதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள். ஸ்லீப் ஆப்னியாவும் தூக்கமின்மையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது மிகவும் சகஜம். 1973-லேயே மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது. அப்படியானால் கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தூக்கமின்மைக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். அதில் முதலிடம் மாத்திரைக்கு அல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே. படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, எந்த நாளும் ஒரே நேரத்தில் கண் விழிப்பது போன்றவற்றை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கற்றுத்தருவார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: படுக்கை நேரத்தைச் சுருக்கும் ஆரம்ப வாரங்களில் பகல் தூக்கம் கூடும். ஏற்கெனவே வண்டி ஓட்டும்போது கண் சொக்குபவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் இதைச் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மாத்திரை தேவைப்படலாம். எல்லாத் தூக்க மாத்திரைகளும் ஒன்றல்ல. எஸ்சோபிக்ளோன் மாத்திரையை சிபாப் தொடங்கிய முதல் 14 இரவுகள் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. அதை எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த ஆறு மாதங்களிலும் கருவியை அதிக நேரம் பயன்படுத்தினார்கள். சோல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மாத்திரையைக் கொடுத்துச் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கருவியோடு பழகும் காலத்தில், குறித்த நாள்களுக்கு, முடிவுத் தேதியோடு கொடுப்பது ஒரு நியாயமான வழி என்றே நான் கருதுகிறேன். முடிவுத் தேதி இல்லாத மாத்திரைச் சீட்டுத்தான் தொல்லை. இவையும் பின்விளைவு இல்லாதவை அல்ல: தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக இந்த வகை மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

புதிதாக வந்த சுவோரெக்சன்ட், லெம்போரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் ஆகியவை விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன. ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில் இவை மூச்சுத்தடையைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை. மெலடோனின் மூச்சை ஒடுக்காது; ஆனால் தூக்க நேரம் தள்ளிப்போனவர்களுக்கே அதனால் அதிகப் பயன். சீட்டில்லாமல் கிடைக்கும் டைபென்ஹைட்ரமின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைத் தூக்கத்துக்காகப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாயை வறளவைத்து மாஸ்க்கை இன்னும் தொல்லையாக்கும். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பும் மனக்குழப்பமும் தரும்.

சிலர் கருவி இருந்தாலும் இந்த விஷப்பரீட்சையில் இறங்கக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், உடல் பருமனால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவர்கள், டிராமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்கள் மூச்சை ஒடுக்கும் தூக்க மாத்திரையைத் தாங்களாகத் தொடவே வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தும் ஓபியாய்டுதான். நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின் எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். மது அருந்திய இரவில் மாத்திரை கிடையாது. இதில் விதிவிலக்கே இல்லை.

உங்கள் அல்பிரசோலத்துக்கு வருவோம். இதைப் படித்த வேகத்தில் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். தினமும் எடுத்துப் பழகிய பென்சோடயசெபினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும். பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரும் உறக்கச் சிகிச்சை மருத்துவரும் கலந்து, அளவைப் படிப்படியாகக் குறைக்கட்டும். இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை சில. பல் துலக்கி, எல்லா வேலையும் முடித்து, படுக்கையில் உட்கார்ந்து, கருவி தயாராக இருப்பதைப் பார்த்த பிறகே மாத்திரை. விழுங்கியதும் மாஸ்க். கூடத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு சோபாவிலேயே தூங்கிப்போவதுதான் நடக்கக் கூடாதது. மாஸ்க் கழன்றால் ஒலியெழுப்பும் வசதி பல கருவிகளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதை இயக்குங்கள். அதே அறையில் படுப்பவரிடம், மாஸ்க் விலகியிருந்தால் தயங்காமல் எழுப்பச் சொல்லுங்கள். முதல் அளவு போதவில்லை என்று நடு இரவில் இன்னொரு மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது கருவியின் பதிவையும், நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் பெட்டியோடு கொண்டுபோங்கள். காலையில் தலைவலியோடு எழுவது, பகலெல்லாம் மந்தமாக இருப்பது, தடுமாறி விழுவது போன்றவை இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தூக்கத்தில் உலுக்கியும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது என்றால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் என்பதை உங்கள் வீட்டாருக்கு இன்றே சொல்லிவையுங்கள்.