வாங்குவோர் கேள்வி-பதில்: ஆயில் சொட்டும் பழைய வண்டிகள்

கே: அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350. ராத்திரி நிறுத்தினால் காலையில் அடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஆயில். மெக்கானிக் பார்த்ததுமே, "இன்ஜினை இறக்கணும், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்கிறார். இறக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

ப: வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துக் காட்டாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

உங்கள் வண்டியில் இன்ஜினுக்கு ஒரு எண்ணெய், இடப்பக்கம் பிரைமரி செயின் (இன்ஜின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கடத்தும் சங்கிலி) கவருக்குள் ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. எது சொட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இன்ஜின் ஆறியதும் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல் தொட்டு, பழைய பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் கிருஷ்ணகிரி வரை போய்வந்து, நிறுத்தியதும் இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவி ஐட்லிங்கில் விடுங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுக்கிற கோடுதான் நீங்கள் தேடுவது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரிகிற இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும் பாருங்கள்.

வலப்பக்கம் என்றால் பெரும்பாலும் டேப்பெட் கவர் பேக்கிங் (மூடிக்கு அடியில் கசியாமல் வைக்கும் தகடு), அல்லது டைமிங் கவர். இடப்பக்கம் நனைந்து, இன்ஜின் ஆயில் அளவு குறையாமல் இருந்தால் பிரைமரி கவரைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அதை முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் கசியும். உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றி, அளவாக முடுக்கினால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் பிரீதர் குழாயை (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கிலும் எண்ணெய் பிதுங்கும். ஆயில் அதிகமாக ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் அடிக்கு இறங்கிவிடும், டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றாதீர்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு அளவு பாருங்கள்.

கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) இரு பாதிகளும் சேரும் நடு இணைப்பிலிருந்தே வருகிறது என்று உறுதியானால் மட்டும் இன்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

கே: ஆயில் ஒழுகினால்தான் ஒரிஜினல் புல்லட் என்று விற்பவர் சொல்கிறார். உண்மையா? (பென்னாகரம்)

ப: பொய்.

கே: ஆயில் கசிவுக்கு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒன்பதாயிரம் வாங்கினார்கள். இரண்டே வாரத்தில் பழையபடி ஒழுகுகிறது. திறந்து பார்த்தால் பேக்கிங் மாற்றவே இல்லை, சிவப்பு சீலன்ட் பசையை அப்பியிருக்கிறார்கள். பில் தரவில்லை. பணம் போனதுதானா? (தர்மபுரி)

ப: போகவில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.

பசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெகுநாள் ஆத்திரம் இது. சீலன்ட் தேவைப்படுகிற இடம் உண்டு, மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். அப்பினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயில் போகிற வழியை அடைத்தால், சின்னக் கசிவுக்கு வந்த வண்டி பெரிய செலவில் போய் நிற்கும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, முகத்தைச் சமமாக்கி, புதியதை வைக்க அரைநாள் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் நாம் கூலி தருகிறோம்.

அடுத்தது பில். தர்மபுரியில் ஒரு கடையில் கம்பெனிப் பெயர் அச்சடித்த உறையில் பேக்கிங் செட் வாங்கினேன். டேப்பெட் கவர் பேக்கிங்கின் துளை ஸ்டட்டுக்கு நேராக வரவில்லை. கார்க் விரலில் பொடிந்தது. திருப்பிக் கொண்டுபோனால், "இது எங்க கடைச் சரக்கே இல்லைங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கேட்டபோது பில் தர மறுத்த அதே மனிதர். பில் தராமல் விற்பது இப்படிக் கைகழுவத்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே கணக்கில் வரும். பில்லில் போட்ட கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள்.

உங்களுக்கு பில் இல்லாவிட்டாலும் பணம் போன யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, பசையின் படம் இருக்குமே. அவற்றை எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கே: பழைய யெஸ்டி. சைலன்சர் சேரும் இடத்தில் கறுப்பாக வழிகிறது. இன்ஜின் கசிவா? (பர்கூர்)

ப: டூ ஸ்ட்ரோக் வண்டி அது. எரியாத டூடி ஆயில் கரியோடு சேர்ந்து வழியும். பெட்ரோலில் கலக்கும் அளவைச் சரிபார்த்து, சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிக் கரியை எடுங்கள். கியர் ஆயிலும் குறைந்து, வெண்புகை அதிகமாக வந்தால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

கே: பெங்களூரில் ஒருவரிடம் புல்லட் வாங்கினேன். பார்த்தபோது இன்ஜின் பளபளவென்று இருந்தது. ஓசூர் வந்து சேர்வதற்குள் பேன்ட் முழுக்க ஆயில். ஆர்சி ஜெராக்ஸ் மட்டும் தந்தார், போனை எடுப்பதில்லை. (ஓசூர்)

ப: முழுப் பணத்தையும் கொடுத்து, ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆயிலை விடுங்கள், வண்டியே இன்னும் உங்களுடையது ஆகவில்லை. கர்நாடகப் பதிவு என்றால் என்ஓசிக்கு (அங்கத்திய ஆர்டிஓ தரும் ஆட்சேபமின்மைச் சான்று) ஃபார்ம் 28, பெயர் மாற்ற 29, 30, அசல் ஆர்சி எல்லாம் வேண்டும். நேரில் போய் வாங்குங்கள், இன்றே. தனிமனிதர் ஒருமுறை விற்ற வண்டிக்கு நுகர்வோர் ஆணையம் உதவாது. பழைய வண்டி வியாபாரி என்றால் வழி உண்டு. பழைய வண்டியின் இன்ஜின் அன்றுதான் கழுவியதுபோல் இருந்தால், அரைமணி நேரம் ஓட்டி, இறங்கி, அடியில் அட்டையை விரித்துக் காத்திருந்து பார்த்திருக்க வேண்டும். இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று.

கே: 1988 புல்லட்டை "விண்டேஜ்" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். (ராயக்கோட்டை)

ப: 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மாற்றம் செய்யாமல் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். அப்படிப் பதிந்தாலும் தினசரி ஓட்ட முடியாது. 1988 வண்டிக்குப் பழைய வண்டி விலை கொடுங்கள். அதிலும் 15 ஆண்டுக்குப் பிறகு ஆர்சியைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.