சிவப்பு நூல் கட்டிய பூ

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் துலுக்கச் சாமந்தி வளர்க்கிறேன். கடையில் வாங்கிய விதையில் பந்து பந்தாகப் பூத்தது. பருவம் முடிந்ததும், பறிக்காமல் விட்டிருந்த பூக்களிலிருந்து விதை எடுத்தேன். இந்த ஆண்டு பாதிச் செடிகளில் ஒற்றை அடுக்குப் பூதான். டெல்லி கனகாம்பரம் காயே பிடிக்கவில்லை. வேலூர் வெயிலுக்கு விதையைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

டெல்லி கனகாம்பரம் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டு இனம். குச்சி வெட்டி நடுங்கள். கடையில் வாங்கியது கலப்பின விதை என்றால் பிள்ளைகள் தாயைப் போல் இருக்கமாட்டா. பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள்: விதைக்கு வெயிலைவிட ஈரம்தான் எதிரி. நன்றாகக் காய்ந்ததை இறுக மூடிய பாட்டிலில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது "பறிக்காமல் விட்டிருந்த பூக்கள்" என்ற இடத்தில். எதைப் பறிக்காமல் விடுவீர்கள்? நல்ல செடியை மொட்டை அடித்துச் சாமி படத்துக்கும் தலைக்கும் வைத்துக்கொண்டீர்கள். யாரும் சீந்தாத செடியில் மிஞ்சியதை விதைக்கு எடுத்தீர்கள். பிறகு விதையைக் குறை சொல்கிறீர்கள்!

குடியாத்தத்தில் என் அத்தை, முதல் பூக்கள் விரியும்போதே செடிகளைச் சுற்றி வருவார். ஒற்றை அடுக்குச் செடியை இரக்கமில்லாமல் பிடுங்கி எறிவார். தேனீ பேதம் பார்க்காது, அதன் மகரந்தத்தையும் நல்ல பூவில் கொண்டுவந்து சேர்த்துவிடும் அல்லவா? ஆகச் சிறந்த செடியில் இரண்டு பூக்களின் காம்பில், தறியில் மிஞ்சிய சிவப்பு நூலைக் கட்டுவார். அதை யாரும் தொடக்கூடாது. பாட்டி ஒருமுறை, "சாமிக்கு இல்லாத பூவா?" என்று சண்டைக்கு வந்தபோது, "அடுத்த ஆண்டும் சாமிக்குப் பூ வேண்டாமா?" என்றார்.

காம்பு பழுப்பாகும்வரை காத்திருப்பார். பிறகு பூவைப் பிளந்தால் கறுத்த ஊசிகள், ஒவ்வொன்றின் முனையிலும் துடைப்பம் போல வெளிறிய குஞ்சம். முழுக்க வெளிறியிருந்தால் பதர், ஊதிவிடுவார். மிச்சத்தை நிழலில் உலர்த்தித் தீப்பெட்டியில் அடைப்பார். குடியாத்தத்தில் தீப்பெட்டிக்கா பஞ்சம்?

நானும் இந்த ஆண்டு நூல் கட்டினேன். போன வெள்ளிக்கிழமை காலை மாடிக்குப் போனேன். நூல் காம்பில்தான் இருந்தது. பூ முருகன் படத்தில் இருந்தது. வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.