பவளத்திட்டில் கடற்பஞ்சுக்கும் கடற்புல்லுக்கும் என்ன வேலை?

பவளத்தை நட்டாலே திட்டு மீண்டுவிடாதா, பஞ்சையும் புல்லையும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கலங்கிய நீரில் எவ்வளவு நட்டாலும் பவளம் நிற்காது. நீரைத் தெளிவாக வைத்திருப்பதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மீட்புப் பணிகளில் இவற்றைக் கடைசியில் வைப்பது வருத்தமான விஷயம்.

கடற்பஞ்சின் உடல் முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியே நுழையும் நீரை உள்ளறைகளில் இருக்கும் சாட்டையிழைச் செல்கள் தள்ள, அது பெரிய வாய் ஒன்றின் வழியே வெளியேறும். ஒரே நாளில் தன் பருமனைப்போலப் பல ஆயிரம் மடங்கு நீரை இறைத்துவிடும். ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பாக்டீரியாவும் பெரும்பாலும் தப்பாது. இதை நேரில் பார்க்க, ஃபுளோரசீன் சாயத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பஞ்சின் பக்கவாட்டில் மெதுவாக விட வேண்டும். சில நொடிகளில் பச்சை நிறம் மேல்வாய் வழியே புகைபோல எழும். எழவில்லை என்றால் பஞ்சு இறைப்பதை நிறுத்தியிருக்கிறது. மேலே வண்டல் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பவளமும் பாசியும் கசியவிடும் கரைந்த கரிமப் பொருள் பெரும்பாலான விலங்குகளுக்கு உணவாகாது. பஞ்சு அதை உறிஞ்சி, தன் வடிகட்டும் செல்களை வேகமாகப் புதுப்பித்து, பழையவற்றைத் துகளாக உதிர்க்கிறது. அந்தத் துகளைப் புழுக்களும் ஓட்டுடலிகளும் தின்கின்றன. கார்பன் 13, நைட்ரஜன் 15 ஐசோடோப்புகளைத் தடயமாக வைத்து 2013இல் வெளியான ஆய்வு இதை நிறுவியது. சத்துக் குறைந்த வெப்பமண்டல நீரில் இவ்வளவு உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற பழைய கேள்விக்கு இது பெரிய விடை. பாறைப் பொந்துகளில் படரும் மெல்லிய வகைகளில்தான் இது தெளிவாகத் தெரிந்தது. நிமிர்ந்து வளரும் பெரிய வகைகள் எல்லாமே இதே அளவு உதிர்ப்பதில்லை.

பஞ்சு பவளத்தைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. பனாமாவின் கரீபியக் கடலில் நடந்து 1979இல் வெளியான சோதனையில், பஞ்சுகளை அகற்றிய திட்டுகள் ஆறு மாதத்தில் சுமார் 40 சதவீதப் பவளத்தை இழந்தன. அகற்றாதவை 4 சதவீதம்தான் இழந்தன. அதற்காகப் பஞ்சு எல்லாமே நல்லது என்றும் சொல்ல முடியாது. கிளியோனா போன்ற துளைக்கும் பஞ்சுகள் சுண்ணாம்பைச் சில்லு சில்லாகச் செதுக்கித் திட்டை உள்ளேயே அரிக்கும். இனம் அறியாமல் "பஞ்சு கூடியிருக்கிறது" என்று எழுதும் கணக்கெடுப்பால் பயனில்லை.

கடற்புல் பாசி இல்லை. வேரும் பூவும் உள்ள தாவரம். இலைகள் நீரோட்டத்தைத் தணிப்பதால் வண்டல் அங்கேயே படிகிறது. இந்தோனேசியத் தீவுகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், புல்வெளி உள்ள இடங்களில் நோய் உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள் சுமார் பாதியாகவும், அருகிலுள்ள பவளங்களில் நோய் பாதியாகவும் இருந்தன. பகலில் புல் கரியமில வாயுவை இழுப்பதால் நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறும். இரவில் சுவாசத்தால் இறங்கும். பகல் அளவீட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இரண்டும் எப்படிச் சேர்ந்து விழுகின்றன என்பதற்கு ஃபுளோரிடா வளைகுடா பாடம். 1987இல் ஆமைப்புல் என்ற கடற்புல் பெருமளவில் மடியத் தொடங்கியது. 1991 முதல் நீலப்பச்சைப் பாசி பெருகி நீர் கலங்கியது. பஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. பெரிய பஞ்சுகளின் அடியில் ஒளிந்து வாழும் சிங்கி இறால் குஞ்சுகள் மறைவிடம் இழந்தன. வடிகட்டும் பஞ்சு குறைந்ததால், அடுத்த பாசிப் பெருக்கைத் தடுக்கும் திறனும் குறைந்தது.

அதனால் மீட்பில் முதல் வேலை ஒளியை அளப்பது. நடுப்பகலில் ஓர் ஒளி உணரியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழும் இன்னொன்றை இலை உயரத்திலும் வைத்து, வெவ்வேறு நாட்களில் அளவெடுங்கள். புல் வாழத் தேவையான குறைந்தபட்ச ஒளி, மேற்பரப்பு ஒளியில் சராசரியாக 11 சதவீதம். பல இனங்களுக்கு 20க்கு மேல் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் நடவே வேண்டாம். கழிவுநீரையும் உர வடிகாலையும் நிறுத்தப் பாருங்கள். அடிமண் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் சல்பைடு மிகுந்திருக்கிறது, வேர் கருகிவிடும். நடும் துண்டில் வளர்நுனியோடு வேர்த்தண்டு இருக்க வேண்டும். நுனி இல்லாத துண்டு பரவுவது கடினம்.

பஞ்சையும் துண்டாக எடுத்து நடலாம். அதை நீருக்கடியிலேயே, கூரான கத்தியால் வெட்டுங்கள். தாய்ப் பஞ்சின் அடிப்பகுதி பாறையில் ஒட்டியபடியே இருந்தால் திரும்ப வளரும். வெட்டிய துண்டைக் காற்றில் தூக்கவே கூடாது. உள்குழாய்களில் குமிழ்கள் சிக்கி, திசு அழுகிப்போகும். சுண்ணாம்புக்கல்லிலோ செங்கல்லிலோ பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, ஒட்டிக்கொள்ளும்வரை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாறையில் வளரும் இனத்தைப் புல்வெளியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கரீபியனில் புயல் அப்படி அடித்துச் சென்ற திட்டுப் பஞ்சுகளை, புல்வெளியில் வாழும் ஓரியாஸ்டர் என்ற பெரிய நட்சத்திர மீன் தின்றுவிடுகிறது. அங்கேயே இயல்பாக வளரும் பஞ்சுகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை.