சாம்பியனின் கடைசிச் சண்டையை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: குத்துச்சண்டைச் சாம்பியன்கள் எப்படி ஓய்வு பெற்றார்கள் என்பதை ஒப்பிட்டு நானும் நண்பரும் ஒரு கட்டுரை தயார் செய்கிறோம். தோல்வியே இல்லாமல் விலகிய ராக்கி மார்சியானோவின் முடிவுதான் சிறந்தது, கடைசி நான்கு சண்டைகளில் மூன்றில் தோற்ற முகமது அலியின் முடிவு மோசம் என்கிறார் அவர். வெற்றி தோல்வியை மட்டும் வைத்து இப்படிச் சொல்லிவிடலாமா? வேறு எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: இந்த இரண்டு பேர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. கடைசிச் சண்டையின் முடிவை வைத்தே அளந்தால் அடுத்த ஜோடியிலேயே மாட்டிக்கொள்வார்.

லெனாக்ஸ் லூயிஸையும் விளாடிமிர் கிளிட்ச்கோவையும் பாருங்கள். லூயிஸின் பதிவில் கடைசி வரி வெற்றி. 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸ். எதிரே நின்றவர் விளாடிமிரின் அண்ணன் விட்டாலி. வேறொருவருடன் நடக்க வேண்டிய சண்டைக்கு மாற்று ஆளாக வந்தவர். லூயிஸ் எடை கூடி, மூச்சு வாங்கிக்கொண்டு ஆடினார்; இரண்டாவது சுற்றிலேயே அடி வாங்கித் தடுமாறினார். மூன்றாவது சுற்றில் அவர் விட்ட குத்து விட்டாலியின் இடது கண்ணுக்கு மேல் ஆழமாகக் கிழித்துவிட்டது. ஆறாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் காயத்தைப் பார்த்துச் சண்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் புள்ளி போடும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் விட்டாலி 58-56 என்று முன்னணியில் இருந்தார். லூயிஸுக்கு அது வெற்றி. மறுமோதலுக்குப் போகாமல் 2004 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். என்னைக் கேட்டால், அந்த வெற்றியைவிட அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் பெரிது.

தம்பி விளாடிமிரின் கடைசி வரி தோல்வி. 2017 ஏப்ரல் 29, லண்டன் வெம்பிளி மைதானம், சுமார் 90,000 பேர். அவருக்கு 41 வயது. ஐந்தாவது சுற்றில் ஆன்டனி ஜோஷுவா அவரைக் கீழே தள்ளினார். எழுந்தவர், அடுத்த சுற்றிலேயே ஜோஷுவாவைச் சாய்த்தார். பதினோராவது சுற்றில்தான் நடுவர் குறுக்கே வந்து நிறுத்தினார். மறுபடி மோத ஒப்பந்தத்தில் வழி இருந்தும், அந்த ஆகஸ்டில் போதும் என்று விலகிவிட்டார். வரியை மட்டும் பார்த்தால் லூயிஸ் ஜெயித்துப் போனார், கிளிட்ச்கோ தோற்றுப் போனார். இரண்டு சண்டைகளையும் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சாம்பியனுக்கும் கடைசி நல்ல சண்டை எது என்று முதலில் குறித்துக்கொள்வேன். முழுத் திறமையோடு, தரமான ஆளோடு மோதிய கடைசிச் சண்டை அது. அதில் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் பதிவில் இருக்கும் கடைசிச் சண்டையைக் குறிப்பேன். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம், எத்தனை சுற்று அடி என்பதுதான் விஷயம்.

மார்சியானோவுக்கு இடைவெளியே இல்லை. 1955 செப்டம்பர் 21, யாங்கி ஸ்டேடியம். ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவின் சாம்பியன் ஆர்ச்சி மூர் இரண்டாவது சுற்றில் அவரைத் தரையில் உட்காரவைத்தார். மார்சியானோ எழுந்து, ஒன்பதாவது சுற்றில் முடித்துவிட்டார். 49 சண்டை, 49 வெற்றி. 1956 ஏப்ரலில் விலகும்போது வயது 32.

அலிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் மனசு கஷ்டமாகிவிடும். 1975 அக்டோபர் 1, மணிலா. ஜோ ஃப்ரேசியரைப் பதினான்கு சுற்றில் வென்ற சண்டை. அவருடைய கடைசி நல்ல சண்டை என்று நான் வைப்பது அதைத்தான். 1977-ல் எர்னி ஷேவர்ஸை வென்றதைச் சிலர் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதினைந்து சுற்றுகளில் அவர் வாங்கிய அடியைப் பார்த்த பிறகுதான் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ அணியை விட்டே விலகினார். 1980 அக்டோபர் 2-ல் லாரி ஹோம்ஸ். அலிக்கு 38 வயது, இரண்டு வருஷமாகச் சண்டையே இல்லை. மருந்து சாப்பிட்டு எடையைக் குறைத்திருந்ததால் பார்க்க இளமையாகத் தெரிந்தார், உடம்பில் தெம்பு இல்லை. மூன்று நடுவர்களும் ஒரு சுற்றைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தச் சொன்னார். அத்தோடாவது விட்டாரா? இல்லை. 1981 டிசம்பர் 11-ல் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு பத்துச் சுற்று. சுற்று தொடங்க அடிக்கும் மணிக்குப் பதிலாக மாட்டின் கழுத்து மணியை அடித்து நடத்திய சண்டை அது. புள்ளிகளில் தோற்றார். மணிலாவிலிருந்து அங்கே வர ஆறு வருஷம். உங்கள் கட்டுரையில் மூன்று தோல்வி என்பதைவிட இந்த ஆறு வருஷம்தான் முக்கியம்.

அடுத்து, ஏன் நிறுத்தவில்லை என்று கேளுங்கள். ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்து, 1949-ல் சாம்பியனாகவே விலகியவர். அங்கேயே நின்றிருந்தால் மார்சியானோவுக்கு இணையான முடிவு. வரிக் கடன் விடவில்லை. போர்க்காலத்தில் சில சண்டைகளின் வருமானத்தைப் படைவீரர் நல நிதிக்குக் கொடுத்தவரிடம், அந்தப் பணத்துக்கும் சேர்த்து வரி கேட்டார்கள். 1950-ல் திரும்பி வந்து எஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில், 37 வயதில், எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு நடுவே விழுந்தார். விழவைத்தவர் இளம் மார்சியானோ. இதை அலியின் முடிவோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது. ஷுகர் ரே லெனார்டைத் தள்ளியது வேறு. அவருக்குக் குத்துச்சண்டை வளையத்தை விட்டிருக்க முடியவில்லை. பல தடவை ஓய்வு அறிவித்து, பல தடவை வந்து, கடைசியில் 1997-ல் 40 வயதில் ஹெக்டர் கமாச்சோவிடம் ஐந்தாவது சுற்றில் முடிந்தார். லெனார்டிடம் 1987-ல் சர்ச்சையான தீர்ப்பில் தோற்ற மார்வின் ஹேக்லரோ, அதோடு சரி, திரும்பியே வரவில்லை.

என் கணக்குக்கு அடங்காத ஆள் ஜார்ஜ் ஃபோர்மன். 1977-ல் விலகியவர் பத்து வருஷம் கழித்து வந்து, 1994-ல் 45 வயதில் மைக்கேல் மூரரை நாக் அவுட் செய்து பட்டம் வாங்கினார். அவருக்கு இரண்டு முடிவுகள், தனித்தனியாக எழுதுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ஷுகர் ரே ராபின்சன் 44 வயதில், தன் கடைசி ஆண்டான 1965-ல் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட சண்டைகள் போட்டார். இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான். வயதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஃபிளாய்ட் மேவெதரின் 50-0 (50 வெற்றி, தோல்வியே இல்லை) பற்றி உங்கள் நண்பர் பேச ஆரம்பித்தால், ஐம்பதாவது ஆளான, கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) வீரர் கானர் மெக்ரெகருக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் முதல் சண்டை என்று நினைவுபடுத்துங்கள். மேவெதருக்கு நான் 2015-லேயே கோடு போட்டுவிடுவேன்.

மைக் டைசனிடம்தான் சிக்கல் வரும். 2005 ஜூனில் கெவின் மெக்பிரைடிடம் ஆறு சுற்றுக்குப் பிறகு எழுந்து வராமல் உட்கார்ந்துவிட்டு, இனி இதில் மனசு இல்லை என்று வளையத்திலேயே சொன்னார். 2024 நவம்பரில் 58 வயதில், யூடியூபில் பிரபலமாகிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலோடு ஆடித் தோற்றதும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்திருக்கிறது. பதிவுப்படி கடைசி என்று 2024-ஐ எழுதுங்கள், இடைவெளிக் கணக்குக்கு 2005-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று கட்டுரையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.